மலைவீட்டில் வீணாகக் கிடக்கும் மூலைகள்: அலமாரி அடிப்பதற்கு முன் சில குறிப்புகள்

3 ஜூன் 2023 (குன்னூர் வாசகர் ஒருவரின் கேள்வி)

அக்கா, எங்கள் வீடு சரிவில் கட்டியது. மாடிப்படிக்கு அடியில் முக்கோணமாக ஓர் இடம், பின்பக்க மண்மேட்டை ஒட்டி வெளிச்சமே வராத ஓர் அறை, தகரக் கூரைக்கும் மரத் தட்டுக்கும் இடையே தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு மச்சு. ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு வாழும் வீட்டில் இந்த மூன்று இடங்களும் பழைய சாமான் போடுவதற்கே ஆகின்றன. தச்சர் வந்து பார்த்துவிட்டு, தரையிலிருந்து கூரை வரை பிளைவுட் அடித்து அலமாரி ஆக்கிவிட்டால் ஓர் அங்குலம்கூட வீணாகாது என்கிறார். கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், பார்க்கவும் அழகாக இருக்கிறது. மழை பிடிப்பதற்குள் வேலையை முடித்துவிடலாமா?

3 ஜூன் 2023, இரவு

மழைக்கு முன் முடிக்காதீர்கள். இந்த மழைக்காலம் முழுவதும் அந்த மூன்று இடங்களையும் காலி செய்து, பெருக்கி, வெறுமனே விட்டுவையுங்கள். எந்தச் சுவர் வியர்க்கிறது, எந்த மூலையில் பூசணம் ஏறுகிறது, எந்த இடம் கடைசிவரை உலர்ந்தே நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அதைப் பார்த்த பிறகு தச்சரைக் கூப்பிட்டால் பணம் மிஞ்சும்.

கோயம்புத்தூர் ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில், மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சம் எங்கே குளிர்ச்சி அதிகமோ அங்கே நீராகப் படியும். சமையலும் குளியலும் ஐந்து பேரின் மூச்சும் சேர்ந்து வீட்டுக் காற்றில் ஏற்றிய ஈரம், வெளிச்சுவரோடு சுவராக அறைந்த அலமாரியின் முதுகுப்பலகையில் போய்ப் படிகிறது. அங்கே வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. உள்ளே இருக்கும் போர்வைதான் அந்த ஈரத்தைக் குடிக்கிறது.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கனமான பாலிதீன் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டிச் சுவரில் பதித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில், சுவர்ப் பக்கம் ஈரம் இருந்தால் சுவரே வெளியிலிருந்து நீரை இழுக்கிறது. தாளின் மேல், அறைப் பக்கம் பனித்திருந்தால் வீட்டுக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. முன்னதற்கு மருந்து வெளியே வடிகாலில் இருக்கிறது. பின்னதற்கு உள்ளே காற்றோட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு உட்புறம் மட்டும் மறுபடி மறுபடி வெள்ளையடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

5 ஜூன் 2023

எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரியில் வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்கிறேன். பிறர் துணி என் பொறுப்பில் இருக்கிறது. முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில், வீட்டுக்காரர் ஆசையாகச் செய்துவைத்திருந்த சுவர் அலமாரியில்தான் முகூர்த்தத்துக்கு வந்த பட்டு ரவிக்கைகளை அடுக்கியிருந்தேன். ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு கதவைத் திறந்தபோது, அரக்கு நிறப் பட்டின் மடிப்போரத்தில் மிளகு அளவுக்கு வெண்புள்ளிகள் வரிசையாக இருந்தன. விரலால் தொட்டால் மாவாக ஒட்டியது. துடைத்த பிறகு பார்த்தால் புள்ளி இருந்த இடத்தில் சாயம் மங்கியிருந்தது. அதே அலமாரியின் நடுத்தட்டில், முதுகுப்பலகையிலிருந்து தள்ளி முன்வரிசையில் வைத்திருந்த துணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே தட்டில், ஒரு முழத் தொலைவுக்குள், துணி கெடும் இடமும் கெடாத இடமும் அடுத்தடுத்து இருந்தன.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

11 ஜூன் 2023

மாடிப்படிக்கு அடி. நீங்கள் அனுப்பிய படத்தில், படிக்கட்டின் உயரமான முனை வீட்டின் நடுச்சுவரை ஒட்டியும் தாழ்ந்த முனை வெளிச்சுவரை ஒட்டியும் இருக்கிறது. ஆகவே உயரமான பக்கம் முழுவதும் நல்ல இடம். தாழ்ந்த முனையில் கடைசி ஒன்றரை அடியைத் தாராளமாக விட்டுக்கொடுங்கள். அங்கே ஒரு ஜாலிப் பலகை வைத்து மறைத்தால் போதும், அதுவே உள்ளே காற்றுப் போகும் வழியாகவும் ஆகும்.

படிக்கட்டு மூன்றடி அகலம் என்றால் அடியில் இருக்கும் இடமும் மூன்றடி ஆழம். முன்னால் கதவும் உள்ளே தட்டுகளும் வைத்தால் பின்னாலுள்ள ஓரடிக்குக் கை எட்டாது. எட்டாத இடத்தில் வைத்தது அடுத்த வீடு மாறும்போதுதான் வெளியே வரும். அதற்குப் பதிலாகச் சக்கரம் வைத்த திறந்த பெட்டிகளைச் செய்யச் சொல்லுங்கள். முன்பலகையை மட்டும் படியின் சரிவுக்கு ஏற்ப வெட்டினால், உள்ளே தள்ளியபின் ஒரே சுவர் போலத் தெரியும். முழுப் பெட்டியையும் வெளியே இழுத்துவிடலாம் என்பதால் பின்மூலை வரை பயன்படும். பெருக்குவதும் எளிது. பெட்டியின் பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அங்குலம் கட்டாயம் இருக்கட்டும். தள்ளும்போது சுவரில் போய் இடிக்காமல் இருக்கத் தரையில் ஒரு கட்டையை ஆணி அடித்துவிட்டால் இடைவெளி தானாகவே நிற்கும்.

பலகை விஷயத்தில் கடைக்காரரிடம் பேச்சைக் கேட்டு வாங்காமல் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். எம்.ஆர். என்று வருவது ஓரளவு ஈரப்பதத்தை மட்டும் தாங்கும் சாதாரண ரகம். பி.டபிள்யூ.ஆர். என்பது அதைவிட உறுதியான பசையால் ஒட்டியது. இரண்டும் ஐ.எஸ். 303 தரத்தின்கீழ் வரும். மெரைன் பிளை என்பது ஐ.எஸ். 710. மலையில் பி.டபிள்யூ.ஆர். ரகத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஒரே மழைக்காலத்தில் ஓரம் உப்பி, திருகாணி பிடிப்பை விட்டுவிடும். பசை எவ்வளவு நல்லதானாலும் காற்றில்லாத இடத்தில் பலகையின் மேல்பரப்பில் பூசணம் வரத்தான் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெளிப்பக்கம் மைக்கா ஒட்டி அழகாக்கிவிட்டு உட்பக்கத்தைப் பச்சையாக விடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. உட்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் இரண்டு கோட்டிங் பாலிஷோ பெயின்டோ அவசியம்.

என் வீட்டில் படிக்கட்டின் உயரமான முனையில் தையல் எந்திரமே இருக்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நிற்கும் உயரம் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்தபின் தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தால் போதும். படியின் அடிப்பகுதியில் ஒரு விளக்கைப் பொருத்தியதும் வெளிச்சம் நேராக ஊசி முனையில் விழுகிறது. எந்திரத்தில் அடிநூலை வைக்கும் பாபின் கேஸின் உள்வளையத்தில் துரு ஏறுகிறதா என்று பார்த்தாலே அந்த மூலையின் ஈரம் எனக்குத் தெரிந்துவிடும். இந்த வீட்டில் இதுவரை ஏறவில்லை. துணிக்கட்டுகளை மட்டும் அங்கே வைப்பதில்லை.

12 ஜூன் 2023

படிக்கு அடியில் காஸ் சிலிண்டர் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழுந்து ஜன்னல் வழியே போகாது. தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தில் தேங்கும். மூன்று பக்கமும் அடைத்த தாழ்ந்த இடம் அது தேங்குவதற்கென்றே செய்ததாக இருக்கும். சரிவு வீடுகளில் கீழே இருக்கும் நிலவறை போன்ற அறைக்கும் இதே பதில்தான். காலி சிலிண்டருக்கும் இதே பதில்தான். காலி என்று நாம் நினைப்பதில் மிச்சம் இருக்கும்.

இன்வெர்ட்டர் பேட்டரி வைக்கலாம், கதவு இல்லாமல். சாதாரண ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். அது மேலே எழும் வாயு என்பதால் படிக்கட்டின் உச்சி மூலையில் காற்றுப் போக வழி இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றவும் கை தாராளமாகப் போக வேண்டும். மெயின் போர்டு அங்கே இருந்தால் அதன் முன்னால் எதையும் வைக்காதீர்கள்.

27 ஜூன் 2023

சமையலறைப் பரணைப் பற்றி ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: பாட்டி காலத்தில் அடுப்புக்கு மேல் இருந்த பரணில் வைத்தது எதுவுமே கெட்டதில்லை, இப்போது அதே இடத்தில் வைத்தால் பருப்புகூடக் கட்டிபிடிக்கிறதே, ஏன்? இந்தக் கேள்விக்கு நான் விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

நான் வளர்ந்தது தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, வாசலில் ஒடுங்கிய வராந்தா. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் குடும்பம் பெருகினாலும் லைன் வீடு பெருகாது. அம்மா சமையலறையில் விறகடுப்புக்கு மேல் சீகை மரக் கழிகளால் ஒரு பரண் கட்டியிருந்தார். கீழ்வரிசையில் மறுநாள் எரிக்க வேண்டிய ஈர விறகு, அதற்கு மேல் புளிப்பானையும் உப்புச் சட்டியும் மிளகாய் வற்றலும், ஓரத்தில் மழைக்காலம் முழுவதும் எங்கள் பள்ளி நோட்டுகள். எல்லாவற்றிலும் புகை வாசம் இருந்தது; எதிலும் பூசணம் இருந்ததில்லை. காலையில் மூட்டிய அடுப்பு இரவு வரை கனன்றுகொண்டே இருந்தது. சூடான காற்று பரணைத் தாண்டிப் போய்க் கூரை இடுக்குகளின் வழியே ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வெளியேறியது.

காஸ் அடுப்பு வந்ததும் அந்த நாள் முழுவதும் நீடித்த சூடு போய்விட்டது. புகை வேண்டாம் என்று கூரை இடுக்குகளையும் அடைத்துவிட்டோம். எரிவாயு எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான நீராவி உண்டாகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீரை ஆவியாகச் சமையலறைக்குள் விட்டிருக்கும். குழம்பிலிருந்தும் சாதத்திலிருந்தும் எழும் ஆவி இதற்கு மேல். அந்த ஆவி நேராக மேலே போய்ப் படியும் இடம்தான் பாட்டியின் பரண் இருந்த இடம்.

ஆகவே பரணை அடுப்புக்கு எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். அடுப்புக்கு மேலிருக்கும் இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். அங்கே கட்டாயம் தட்டு வேண்டுமென்றால் கடப்பா கல் பலகை பதித்து எவர்சில்வர் பாத்திரம் மட்டும் அடுக்குங்கள். கல் உப்பாது, துடைத்தால் போதும்.

28 ஜூன் 2023

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் மலைப்பூண்டைத் தாளோடு கட்டுகளாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகையேற்றி வைப்பதற்கும் இதே காரணம்தான். புகை போன வீட்டில் பூண்டுக் கட்டை மச்சுக்குள் ஏற்றாதீர்கள். சாரல் அடிக்காத பக்கத்து இறவாணத்தின் கீழ், கட்டுக்குக் கட்டு இடம் விட்டுத் தொங்கவிடுவது மேல்.

உருளைக்கிழங்குக்குப் படிக்கட்டின் அடி பொருத்தமான இடம், இருட்டும் குளிர்ச்சியும் இருப்பதால். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகிக் கசக்கும். அந்தக் கசப்பு உடம்புக்கு ஆகாதது. விதைக்கிழங்கு இதற்கு நேர் எதிர்: அதற்குப் பரவலான வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் முளை நீண்டு வெளுக்காமல் குட்டையாகத் தடித்து வரும். ஆகவே உண்ணும் கிழங்கையும் விதைக்கும் கிழங்கையும் ஒரே மூலையில் கொட்டிவைக்காதீர்கள். வெங்காயத்தை இரண்டோடும் சேர்க்காதீர்கள்.

16 ஜூலை 2023

கூடலூரிலிருந்து ஒரு நண்பர் சரியாகவே கேட்டிருக்கிறார்: சோதனையை இப்போதே செய்து முடித்துவிடலாமா? கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கத்துக்கு இதுவே பெருமழைக் காலம். தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதுவது அங்கேதான். ஆகவே அவர்களுக்கு ஜூலையில் ஒட்டிய பாலிதீன் முழுக் கதையையும் சொல்லிவிடும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்கில், ஐப்பசி கார்த்திகையில் வருவது. ஜூலையில் உலர்ந்து நிற்கும் கிழக்குச் சுவர் நவம்பரில் ஊறலாம். முதல் குறிப்பில் மழைக்காலம் என்று பொதுவாகச் சொல்லியிருந்தேன். அதை அவரவர் பக்கத்து மழை என்று படித்துக்கொள்ளுங்கள். உதகையின் மேற்குப் புறம் இருப்பவர்கள் இரண்டு மழைக்கும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

20 ஆகஸ்ட் 2023

இனிக் குன்னூர் தம்பியின் பின்னறை. சரிவில் வீடு கட்டும்போது மண்ணை வெட்டி, தடுப்புச் சுவர் எழுப்பி, அதற்கும் வீட்டுக்கும் இடையே இரண்டு மூன்றடி சந்து விடுகிறோம். மலை வீடுகளில் அதிகம் வீணாகும் இடமாகத் தெரிவது இந்தச் சந்துதான். உடைந்த சிமென்ட் ஷீட், பழைய கதவு, ரோஜாத் தொட்டி, விறகு என்று எல்லாம் அங்கே போகும். அது வீணான இடமே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டின் பின்சுவர் உலர்ந்திருப்பது அந்தச் சந்து காலியாக இருப்பதால்தான்.

தடுப்புச் சுவரில் வரிசையாகக் குழாய்த் துளைகள் விட்டிருப்பார்கள். மண்ணுக்குள் ஊறும் நீர் அவற்றின் வழியே வெளியே வந்து, கீழே ஓடும் வடிகாலில் சேர வேண்டும். சாமான் குவிந்ததும் இலை தேங்கும், இலை மக்கி வடிகாலை அடைக்கும், நீர் வீட்டு அடித்தளத்தை நோக்கித் திரும்பும். துளைகள் அடைபட்டால் அதைவிட மோசம்: நீரின் எடை முழுவதையும் தடுப்புச் சுவர் தாங்க வேண்டியதாகிவிடும். உங்கள் பின்னறை இருட்டாக இருப்பது ஒரு குறை; அது ஈரமாக இருப்பது அந்தச் சந்தில் கிடக்கும் சாமானால். முதலில் அதைக் காலி செய்யுங்கள். குழாய்த் துளைகளில் ஒரு நீளக் கம்பியைவிட்டு மண்ணைக் கிளறிவிடுங்கள்.

சந்தை ஒரே ஒரு வேலைக்குப் பயன்படுத்தலாம். மேலே ஒளி ஊடுருவும் ஃபைபர் ஷீட் போட்டு, இரண்டு முனைகளையும் முற்றிலும் திறந்தே விட்டு, வீட்டுச் சுவர்ப் பக்கம் உயரத்தில் கொடி கட்டித் துணி காயப்போடலாம். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமாக இழுக்கும். மழை நாளிலும் துணி முக்கால் பங்கு காய்ந்துவிடும். அறைக்குள் கொடி கட்டினால் அந்த நீரெல்லாம் அலமாரிக்குத்தான் போகும். ஷீட்டில் விழும் மழைநீர் நேராக வடிகாலுக்குப் போக வேண்டும். தரையில் எதுவும் வைக்கக் கூடாது.

21 ஆகஸ்ட் 2023

சந்தை அகலப்படுத்த மேட்டை இன்னும் நான்கடி வெட்டிவிட்டால் ஓர் அறையே வந்துவிடுமே என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். மலைப்பகுதியில் உயரத்தையும் மாடியையும் கட்டிட விதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்துவதால், மேலே போக முடியாதவர்களுக்குப் பக்கவாட்டில் வெட்டும் ஆசை வருவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். 2009 நவம்பரில் உதகைக்கு அருகே கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது நீலகிரி மாவட்டம் முழுவதும் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செங்குத்தாக வெட்டிய மேடுகளுக்குக் கீழே இருக்கும் வீடுகள் அந்த மாதிரி மழையில் எப்படி நிற்கும் என்பதை இங்கே வாழும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் இடத்துக்குள்தான் நாம் இடம் தேட வேண்டும்.

10 செப்டம்பர் 2023

உதகையிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவில் ஒரு பகுதியில் குடியிருக்கிறார்; கூரை பதின்மூன்று அடி உயரத்தில் இருக்கிறது, கணப்பை மூட்டுவதில்லை, அறை எப்போதும் சில்லென்றே இருக்கிறது என்கிறார்.

ஐயா, உங்கள் வீட்டில் வீணாகும் இடம் தலைக்கு மேல்தான் இருக்கிறது. சூடான காற்று எல்லாம் அங்கே போய் நிற்க, நீங்கள் கீழே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தோடர்களின் பழைய குடில்களில் குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல் இருப்பதையும், உள்ளே கூரை வளைந்து தாழ்ந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். இந்தக் குளிருக்கு எவ்வளவு இடத்தைச் சூடாக்க வேண்டும் என்பதை அறிந்து கட்டியது அது. உங்கள் அறையில் பாதிக்கு மட்டும் ஒன்பதடி உயரத்தில் ஒரு மரத் தட்டு போடலாம். கட்டில் அதன் கீழே வரட்டும். தட்டின் மேலே சாமான் வைக்கலாம். கம்பளி, பெட்டி, பாத்திரம் எதுவானாலும் வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தாங்கு கட்டைகளைப் பழைய சுவரில் துளைத்துச் செருகாமல் தரையிலிருந்து எழும் கால்களில் நிறுத்தினால், வீட்டுக்காரருக்கும் மனக்கசப்பு வராது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். சில்வர் ஓக் பலகை இங்கே எளிதில் கிடைக்கும். பூச்சி அரிக்காமல் மருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் நிற்கும் மரத்தை நாமே வெட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, அனுமதி வேண்டும்.

கணப்பின் வாயை முழுவதும் செங்கல் வைத்து அடைக்காதீர்கள். அடைத்தால் புகைபோக்கிக்குள் இறங்கும் மழை ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் ஊறி, கறுப்புக் கலந்த மஞ்சள் கறையாக அறைக்குள் வரும். மேலே மழை இறங்காத மூடி, கீழே சின்ன ஜாலி, இவை இரண்டும் இருக்கட்டும். மூட்டாத கணப்புக்குள் தட்டு வைத்துச் செருப்பு, குடை, சுள்ளி வைக்கலாம். புத்தகங்களை அதன் இரு பக்கத்துக் குழிவுகளில் வையுங்கள். உங்கள் வீட்டில் புகைபோக்கி உட்சுவரில் இருக்கிறது என்பதால் அவையே இருப்பதில் உலர்ந்த இடங்கள்.

ஒரு கெஞ்சல்: அறையைச் சிறிதாக்கி, இடுக்குகளை அடைத்த பிறகு கரிச்சட்டியை உள்ளே வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இடம் சிறிதானால் அது நிறையும் நேரமும் குறையும்.

2 அக்டோபர் 2023

கொலு நெருங்குவதால் மச்சில் இருக்கும் பொம்மைகளைப் பற்றி மட்டும். தகரக் கூரையின் உட்பக்கம் விடியற்காலையில் பனித்து, வெயில் ஏறியதும் சொட்டும். அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும் அந்த நீரைக் குடித்து, களிமண் பொம்மையின் வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். இந்த ஆண்டு எடுத்து முடித்ததும் திரும்ப மச்சில் ஏற்றாமல், பழைய வேட்டித் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, படிக்கட்டின் உயரமான பக்கத்தில் வையுங்கள். மச்சுக்குப் பாத்திரம், பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர்த் தொட்டி போன்றவை போதும். அதுவும் மரத் தட்டின் நடுவில் கனத்தை ஏற்றாமல், உத்தரம் ஓடும் இடத்தின் மேல்.

19 நவம்பர் 2023

குன்னூர் தம்பி பாலிதீன் படங்களை அனுப்பியிருக்கிறார். மாடிப்படியின் நடுச்சுவரில் ஒட்டிய தாள் இரு பக்கமும் உலர்ந்திருக்கிறது. பின்னறையின் மேட்டுப் பக்கச் சுவரில், பின்பக்கச் சந்தில் கிடந்த சாமானைக் காலி செய்த பிறகும், தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர். மற்ற மூன்று சுவர்களிலும் ஒன்றுமில்லை.

ஆகவே அந்தச் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் ஆணிகூட வேண்டாம். எதிர்ச்சுவரில் ஓரடி ஆழத்துக்கு, துளையிட்ட இரும்புச் சட்டங்களைப் பூட்டிச் செய்யும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் போடுங்கள், முதுகுப்பலகை இல்லாமல். கதவின் மேல்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் ஜாலி வெட்டினால் அறைக்குள் காற்று சுழலும். தகரக் கூரையில் ஒரே ஒரு ஷீட்டைக் கண்ணாடி ஃபைபருக்கு மாற்றினால் பகலில் விளக்கு வேண்டாம் என்கிறீர்கள். அந்த அறைக்கு மேல் மாடி இல்லை என்பதால் அது நல்ல யோசனைதான், ஓரங்களில் ஒழுக்கு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே மண்வெட்டி, உரம் தெளிக்கும் கருவி, பெயின்ட் டப்பா, மழைச் செருப்பு ஆகியவற்றை வைக்கலாம். துணியும் காகிதமும் அரிசியும் அந்த அறைக்குள் போகக் கூடாது.

சுட்ட சுண்ணாம்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூடிய சின்னப் பெட்டிக்குள் அது ஈரத்தை இழுக்கும். மண்மேட்டிலிருந்து ஊறிவரும் நீருக்கு அது ஈடு கொடுக்காது. குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருளும்கூட. அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடும் பழைய வழக்கத்தைப் பற்றியும் கேட்டீர்கள்: பழைய 40 வாட் பல்பு பெரும்பாலும் சூடாகவே மின்சாரத்தைச் செலவழித்ததால் அது வேலை செய்தது. எல்.இ.டி. பல்பு அந்தச் சூட்டைத் தராது. குண்டு பல்பு கிடைத்துப் பயன்படுத்தினால் துணியிலிருந்து ஓரடியாவது தள்ளி, கம்பிக் கூண்டுக்குள் இருக்க வேண்டும்.

24 டிசம்பர் 2023

உறைபனி தொடங்கிவிட்டதால் வெயில் விழும் இடங்களைப் பற்றிச் சொல்ல இது நல்ல சமயம். நாம் 11 டிகிரி வடக்கில் இருக்கிறோம். இந்த வாரங்களில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஜூன் மாதத்தில் அது தலைக்குச் சற்று வடக்கே போய்விடும். ஆகவே குளிர்காலத்தில் தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் வந்து விழும், வெப்பம் வேண்டாத நாளில் தானாகவே விலகிக்கொள்ளும். அந்த ஜன்னலுக்கு முன்னால் பீரோவை நிறுத்தி மறைத்துவைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. பழைய கல்வீடுகளில் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். அந்த ஜன்னல் மாடத்தின் கனத்தோடு ஓரடிப் பலகை சேர்த்தால் உட்கார்ந்து படிக்க, காய் நறுக்க, பித்தான் தைக்க ஓர் இருக்கை கிடைத்துவிடும். இருக்கையின் அடியில் பெட்டி, மேல்பலகைக்குக் கீல். பகலெல்லாம் வெயில் பட்டுச் சூடேறும் பெட்டி என்பதால், வீட்டில் கம்பளிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. என் வாடிக்கையாளர்களின் பட்டு இப்போது அங்கேதான் இருக்கிறது. வெயில் நேராகத் துணியில் படாதபடி மூடி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சாயம் வெளுக்கும்.

14 ஜனவரி 2024

படிக்கட்டுப் பெட்டிகளுக்குச் சக்கரம் எது என்று குன்னூர் தம்பி கேட்டிருக்கிறார். தச்சர் வேலையைத் தை பிறந்ததும் தொடங்குகிறார் என்பதால் உடனே எழுதுகிறேன். திரும்பும் சக்கரம் வேண்டாம். உள்ளே தள்ளும்போது கோணிக்கொண்டு படியின் பக்கப்பலகையில் உராயும். நேராக மட்டும் ஓடும் நிலைச் சக்கரம் நான்கு, இரண்டு அங்குல விட்டம், ரப்பர் அல்லது நைலான். இரும்புச் சக்கரம் தரையில் துருக்கோடு போடும். சக்கரத்தோடு சேர்ந்து பெட்டியின் அடிப்பலகை தரையிலிருந்து இரண்டரை அங்குலமாவது எழும்பி நிற்க வேண்டும், ஈரத் துணியால் தரையைத் துடைக்கும்போது பலகை நனையாமல் இருப்பதற்கு. கைப்பிடிக்குப் பதிலாக முன்பலகையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் துளை போடச் சொல்லுங்கள். பிடிக்கவும் ஆகும், காற்றும் போகும், நடக்கும்போது சேலையும் மாட்டாது. தாழ்ந்த முனையின் ஒன்றரை அடியை அடைத்துவிடலாம் என்று அவர் மறுபடியும் சொல்வார். அது வெளிச்சுவரை ஒட்டிய இடம், அங்கே ஜாலி மட்டும்தான் என்று சொல்லுங்கள்.